போட்டியும் தோழமையும்

சென்ற வாரம் ஒரு மாலைப் பொழுதில், எனக்குத் தெரிந்த ஒரு தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு என் இல்லத்துக்கு வந்தார். மகன் உயர்தர வகுப்பு மாணவன். அடக்கமும் உழைப்பும் உள்ள பிள்ளை. பௌதிக பாடத்திலே தோன்றிய இரண்டோர் ஐயங்களைத் தெளிந்துகொள்வதற்காக வந்திருந்தான். அவற்றைத் தீர்த்து வைத்த பின்னர், அவனுடைய ஒழுங்கையிலேயே வசிக்கும் வகுப்புத் தோழன் ஒருவனின் பெயரைக் கூறி, "அவனும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறான், நீங்கள் இருவரும் சேர்ந்திருந்து படித்தால் என்ன?" என்று கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். தாயாரே பெருமிதத்துடன் விடை பகர்ந்தார்.

"இவன் வலு கவனம், மாஸ்டர். தன்ரை கொப்பியை ஆருக்கும் காட்டமாட்டான். பக்கத்து வாங்கிலை இருக்கிறவன்தான் உனக்கு எதிரியெண்டு நான்தான் சொல்லி வைச்சனான்."

நான் மறுமொழி கூறவில்லை. அந்த அம்மையாரைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை என்பதே காரணம். ஒரு காலத்தில் நானும் ஒரு மாணவனுக்கு இதே உபதேசத்தைச் செய்தவன். அந்தக் கதையைப் பின்னர் கூறுகிறேன். அதற்கு முன்பாக, வாசக நேயர்களை நான் பிறப்பதற்கும் முந்திய ஒரு காலத்துக்கு, உரோமாபுரிக்கு, அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

1960ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் திகதி தொடக்கம் செப்டெம்பர் 11ஆம் திகதி வரை உரோமாபுரியிலே ஒலிம்பிக் விழா நடைபெற்றது. 83 நாடுகளிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரரும் வீராங்கனையரும் அங்கே கூடினர். அவ்விழாவிலே புகழ் பெற்றோரின் பெயர்கள் இன்றும் மங்கவில்லை. எதியோப்பியப் பேரரசரின் மெய்காவற் படையைச் சேர்ந்த அபேபே பிகிலா, வெறுங்காலுடன் மரதன் ஓட்டத்தை ஓடினார். 2 மணி 15 நிமிடம் 16.2 செக்கனில், தீப்பந்தங்களின் ஒளியிலே, கொன்ஸ்தந்தீன் மன்னனின் வளைவின் கீழ் முதல்வராக வந்து சேர்ந்தார். முன்னொரு காலம் தன் நாட்டின் மீது படையெடுத்த தேசத்தின் தலைநகரில் அவர் ஈட்டிய வெற்றி அது. இளம்பிள்ளை வாதத்தினால் ஒரு கால் நலிந்து, இரும்புப் பட்டை பூட்டி நடந்த குழந்தையாகிய வில்மா றூடோல்ப், தாயும் உடன்பிறந்தோரும் நாள்தோறும் பிடித்துவிட்ட அக்காலைக் கொண்டே 100 மீற்றர், 200 மீற்றர், அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் பெற்றார்.

இவ்விருவரின் வரலாறும் பள்ளிப் பிள்ளைகள் அறிய வேண்டியவையே. ஆயினும், அவ்விழாவை நினைக்கும் போதெல்லாம் என் மனக்கண் முன் நிற்பவர்கள் வேறு இருவர். அவர்களுள் ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார். தோற்றவரின் தோளிலே வென்றவர் தலை சாய்த்து நின்ற காட்சியோடு அவர்களுடைய போட்டி முடிவுற்றது. அமெரிக்கராகிய றேபர் ஜோன்சன், தைவான் தீவினராகிய சி. கே. யாங் என்பன அவர்களுடைய பெயர்கள். அவர்கள் பங்குகொண்ட போட்டி டெக்காத்லன் எனப்படும் பத்து அம்சப் போட்டியாகும்.

அப்போட்டியின் முறையைச் சிறிது விளக்குதல் நலம். ஒரே வீரர் இரண்டு நாட்களில் பத்து நிகழ்ச்சிகளிற் கலந்துகொள்ள வேண்டும். முதல் நாள் 100 மீற்றர் ஓட்டம், நீளம் பாய்தல், குண்டெறிதல், உயரம் பாய்தல், 400 மீற்றர் ஓட்டம். இரண்டாம் நாள் 110 மீற்றர் சட்டவேலி ஓட்டம், தட்டெறிதல், கோலூன்றிப் பாய்தல், ஈட்டி எறிதல், இறுதியாக 1500 மீற்றர் ஓட்டம். ஒவ்வொன்றிலும் வீரர் காட்டும் திறமைக்கு ஓர் அட்டவணையின்படி புள்ளிகள் உண்டு. எத்தனை நிகழ்ச்சிகளில் முதலாவதாக வந்தார் என்று எவரும் பார்ப்பதில்லை. பத்திலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, தொகை மிகுந்தவரையே வெற்றியாளர் என்பர்.

ஜோன்சன் 1934இல் ரெக்சாஸ் மாநிலத்தில் பிறந்து, கலிபோர்ணியாவின் சிற்றூர் ஒன்றிலே வளர்ந்தவர். 1956ஆம் ஆண்டு மெல்போர்ண் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தில் மாணவர் மன்றத் தலைவராகவும் விளங்கினார். விளையாட்டில் ஈடுபட்டால் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோர் இதைச் சிறிது கவனித்தல் வேண்டும். 1959இல் மோட்டார் வாகன விபத்திலே முதுகிற் காயமுற்று நெடுநாள் போட்டிகளிற் கலந்துகொள்ள இயலாதிருந்த அவர், அடுத்த ஆண்டு உரோமாபுரியின் தொடக்க விழாவிலே தம் நாட்டுக் கொடியை ஏந்தி நடந்தார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவருக்கு அந்தப் பேறு கிடைத்தது அதுவே முதன்முறை.

யாங், 1933இல் தைவானின் பழங்குடிகளுள் ஒன்றாகிய அமிஸ் குலத்திலே பிறந்தவர். 1954இல் மணிலாவிலும் 1958இல் தோக்கியோவிலும் நடந்த ஆசிய விளையாட்டு விழாக்களில் பத்து அம்சப் போட்டியின் தங்கப் பதக்கம் அவருக்கே உரியதாயிற்று. அந்தத் தோக்கியோ விழா நமக்கும் நெருங்கியது. யாழ்ப்பாணத்து மைந்தராகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலிலே 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தது அங்கேதான். 2024இல் மறைந்த அப்பெருமகனும், ஜோன்சன் பயின்ற அதே பல்கலைக்கழகத்திற் கல்வி கற்றவர் என்பது நாம் நினைந்து மகிழத்தக்க செய்தி.

யாங்கும் மேற்பயிற்சி நாடி அப்பல்கலைக்கழகத்துக்கே வந்து சேர்ந்தார். அங்கே எல்வின் டிரேக் என்னும் பயிற்றாசிரியர் இருந்தார். ஜோன்சனுக்கும் அவரே ஆசிரியர். யாங்குக்கும் அவரே ஆசிரியர். உலகத்தில் ஒரேயொரு தங்கப் பதக்கத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்த இருவரும், ஒரே மைதானத்திலே, ஒரே குருவின் கீழ், அருகருகே நின்று பயின்றனர். ஒருவருக்கு எறிதல் கைவந்த கலை. மற்றவருக்குக் கோலூன்றிப் பாய்தலும் தடை தாண்டலும் கைவந்தவை. ஒருவரிடம் இல்லாததை மற்றவரிடம் நாள்தோறும் கண்ணெதிரே காணும் வாய்ப்பு இருவருக்கும் கிடைத்தது.

இதன் பயன் யாது என்பதை 1960 ஜூலை மாதத்தில் ஒறிகன் மாநிலத்து யூஜீன் நகரில் நடந்த போட்டி காட்டிற்று. அவ்வேளை உலக சாதனை சோவியத் வீரர் வசீலி குஸ்நெற்சோவின் 8357 புள்ளிகள். யூஜீனிலே ஜோன்சன் 8683 புள்ளிகள் பெற்று அதனை முறியடித்தார். இரண்டாவதாக வந்த யாங்கின் புள்ளிகள் 8426. அதாவது, தோற்றவரும் பழைய உலக சாதனையைக் கடந்துவிட்டார்! பாடசாலைப் பிள்ளைகளே, இந்த எண்களை ஒருமுறை நிதானித்துப் பாருங்கள். உலகில் அதுவரை எவரும் எட்டாத உயரத்தை, சேர்ந்து பயின்ற இருவர் ஒரே போட்டியில் எட்டினர்.

இரண்டு மாதங்களின் பின், செப்டெம்பர் 5ஆம் திகதி, உரோமாபுரியில் இருவரும் எதிரெதிரே நின்றனர். முதல் நிகழ்ச்சியாகிய 100 மீற்றரை யாங் 10.7 செக்கனிலும் ஜோன்சன் 10.9 செக்கனிலும் ஓடினர். நீளம் பாய்தலிலும் யாங்கே முந்தினார். குண்டெறிதலில் நிலைமை மாறியது. ஜோன்சனின் குண்டு 15.82 மீற்றர் தூரம் சென்றது, யாங்கினுடையது 13.33 மீற்றர். உயரம் பாய்தலிலும் 400 மீற்றரிலும் மீண்டும் யாங் சிறிது முந்தினார். மழை குறுக்கிட்டமையால் அன்றைய நிகழ்ச்சிகள் இரவு வெகுநேரம் வரை நீண்டன. ஐந்து நிகழ்ச்சிகளுள் நான்கிலே யாங் முந்தியிருந்தும், புள்ளித் தொகையில் ஜோன்சனே முன்னின்றார். குண்டெறிதல் ஒன்றே அந்த வேறுபாட்டைச் செய்தது.

மறுநாட் காலை சட்டவேலி ஓட்டத்தை யாங் 14.6 செக்கனில் முடித்தார். ஜோன்சன் தடையில் மோதித் தடுமாறி 15.3 செக்கன் எடுத்தார். முன்னிலை யாங்கின் கைக்கு மாறியது. அடுத்தது தட்டெறிதல்: ஜோன்சன் 48.49 மீற்றர், யாங் 39.83 மீற்றர். முன்னிலை மீண்டும் ஜோன்சனிடம். கோலூன்றிப் பாய்தலிலே யாங் 4.30 மீற்றர் பாய்ந்து இடைவெளியைக் குறைத்தார். ஈட்டி எறிதலில் ஜோன்சன் சிறிது முந்தினார். ஒன்பது நிகழ்ச்சிகள் முடிந்த போது இருவருக்கும் இடையே 67 புள்ளிகளே இருந்தன. எஞ்சியது 1500 மீற்றர் ஓட்டம் ஒன்றே.

அந்த ஓட்டத்திலே யாங் பத்து செக்கன் அளவில் முந்தினால் தங்கம் அவருக்கு. அதற்குக் குறைந்தால் ஜோன்சனுக்கு. யாங் நெடுந்தூர ஓட்டத்தில் ஜோன்சனிலும் வல்லவர். ஆகவே பத்து செக்கன் என்பது எட்டாக்கனி அன்று.

இனி நடந்ததுதான் நான் சொல்ல வந்த செய்தி. ஓட்டத்துக்கு முன்னர் ஜோன்சன் தம் ஆசிரியரிடம் சென்று யோசனை கேட்டார். "யாங்கை விட்டு விலகாதே, அவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவனுடைய முதுகை ஒட்டியே ஓடு" என்பது டிரேக் கூறிய அறிவுரையின் சாரம். சிறிது நேரத்தில் யாங்கும் அதே ஆசிரியரிடம் வந்தார். "இயன்ற அளவு விரைவாக ஓடி ஜோன்சனை விட்டுப் பிரிந்து செல், அவனால் உன்னைத் தொடர முடியாது" என்ற கருத்தில் அவருக்கும் டிரேக் வழி கூறினார். இருவருக்கும் அவர் பகர்ந்தது அவரவர் வெல்வதற்குரிய வழியையே. ஒருவனுடைய இரகசியத்தை மற்றவனுக்கு விற்கவில்லை. ஒருவனுக்கு உண்மையும் மற்றவனுக்குப் பொய்யும் உரைக்கவில்லை. தம் நாட்டு வீரன் என்று ஜோன்சனின் பக்கம் சாயவும் இல்லை. ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் கூறுகிறேன்: அந்தச் சில நிமிடங்கள் டிரேக்குக்கு எளிதாக இருந்திருக்க முடியாது.

இரவு விளக்குகளின் ஒளியிலே ஓட்டம் தொடங்கியது. இரண்டு நாட்கள் ஓடியும் பாய்ந்தும் எறிந்தும் களைத்த உடல்கள். யாங் விரைந்தார்; ஜோன்சன் அவருடைய நிழல் போலத் தொடர்ந்தார். யாங் வேகத்தைக் கூட்டும் போதெல்லாம் ஜோன்சனும் கூட்டினார். கடைசிச் சுற்றிலே யாங் எஞ்சிய வலுவெல்லாம் திரட்டி ஓடியும், திரும்பிப் பார்த்த போது தோழர் சில அடி தூரத்திலேயே இருந்தார். யாங் 4 நிமிடம் 48.5 செக்கனில் முடிவுக் கோட்டைக் கடந்தார். ஜோன்சன் 4 நிமிடம் 49.7 செக்கனில் கடந்தார். இடைவெளி 1.2 செக்கன் மாத்திரமே! தம் வாழ்நாளில் ஜோன்சன் அத்தூரத்தை அதற்கு முன் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. தம்முன்னே யாங் ஓடியிராவிடின் அவர் அன்றும் அவ்வளவு விரைவாக ஓடியிருப்பாரா என்பது ஐயமே.

ஜோன்சனின் தொகை 8392. யாங்கின் தொகை 8334. மூன்றாவதாக வந்த குஸ்நெற்சோவின் தொகை 7809. பத்து நிகழ்ச்சிகளுள் ஏழிலே ஜோன்சனை முந்திய யாங், எறிதல் மூன்றிலும் பின்தங்கியதால் 58 புள்ளிகளில் தங்கத்தை இழந்தார். கோட்டைக் கடந்ததும் இருவராலும் தனித்து நிற்க முடியவில்லை. ஒருவர் மீது ஒருவர் சாய்ந்துகொண்டனர். இரண்டு நாட்கள் எந்த மனிதனை வெல்ல வேண்டுமென்று பாடுபட்டாரோ, அந்த மனிதனின் தோளே விழாமல் நிற்பதற்கு ஜோன்சனுக்குத் துணையாயிற்று.

அந்தத் தோல்வியினால் யாங் சிறுமையடைந்தாரா? தைவானுக்கு ஒலிம்பிக் பதக்கம் ஒன்றைப் பெற்றுக் கொடுத்த முதல் மனிதர் அவரே. 1963இல் அவர் 9121 புள்ளிகள் பெற்று, அக்கால அட்டவணையின்படி ஒன்பதாயிரத்தைக் கடந்த முதல் வீரராகி உலக சாதனை நிலைநாட்டினார். ஜோன்சன் உரோமாபுரியின் பின் பத்து அம்சப் போட்டியில் இறங்கவில்லை. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் தீபத்தை ஏற்றும் பேறு அவருக்குக் கிடைத்தது. யாங் 2007இலும் ஜோன்சன் 2020இலும் காலமாயினர். வாழ்நாள் முழுவதும் அவர்களுடைய நட்புக் குன்றவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையில் நான் ஓர் இல்லத்தின் பொறுப்பாசிரியனாக இருந்தேன். அங்கே இரு மாணவர்கள் 1500 மீற்றர் ஓட்டத்தில் வல்லவர்கள். அயல்வீட்டுப் பிள்ளைகள். ஒருவனுக்கு மாத்திரமே சைக்கிள் இருந்தது. இருவரும் அதிலேயே பாடசாலைக்கு வந்து போவார்கள். விடியற்காலையில் மைதானத்தில் இருவரும் சேர்ந்து ஓடுவதைக் கண்டிருக்கிறேன். ஒருவன் என் இல்லத்தவன்; மற்றவன் வேறு இல்லத்தவன். விளையாட்டுப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கையில் என் மாணவனைத் தனியே அழைத்து, "இனி அவனோடு சேர்ந்து பழகாதே, கடைசிச் சுற்றிலே நீ எந்த இடத்திலிருந்து வேகம் எடுக்கிறாய் என்பதை அவன் அறிந்துகொள்வான்" என்றேன். குருவின் சொல்லைத் தட்டாத பிள்ளை அவன். மறுநாளே தனித்து ஓடத் தொடங்கினான்.

போட்டியில் அவனே வென்றான். எங்கள் இல்லத்துக்குக் கேடயமும் கிடைத்தது. ஆனால் என் கையிலிருந்த கடிகாரம் வேறொரு செய்தி கூறியது. முந்திய ஆண்டு தோழனோடு ஓடிய பயிற்சி ஓட்டத்திலும் பார்க்க ஒன்பது செக்கன் தாமதமாகவே அவன் ஓடியிருந்தான். மற்றவனின் ஓட்டமும் தளர்ந்திருந்தது. ஒருவனை ஒருவன் உந்தாமையால் இருவரும் மெலிந்தனர். அடுத்து நடந்த வட்டாரப் போட்டியில் என் மாணவன் ஐந்தாவதாக வந்தான்.

சில ஆண்டுகளின் பின் ஒரு கோயில் திருவிழாவில் அவனைச் சந்தித்தேன். நல்ல உத்தியோகத்தில் இருந்தான். பழைய கேடயத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவன் சிறிது சிரித்துவிட்டுச் சொன்னான்: "அண்டைக்கு வெண்டது மறந்து போச்சு, சேர். வீட்டை தனிய நடந்து போனது மட்டும் மறக்கேல்லை." அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, சைக்கிள் மற்றவனுடையது என்று. அந்த ஒரு மாதத்தில் நான் பிரித்து வைத்த நட்பு பின்னர் கூடவே இல்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

இங்கே பெற்றோர் ஒரு தடை கூறக்கூடும். "பல்கலைக்கழக அனுமதி விளையாட்டு அன்று. இடங்கள் சில, அவற்றுட் பெரும் பகுதி மாவட்ட அடிப்படையில் பங்கிடப்படுகின்றன. ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் மோதத்தானே வேண்டும்?" என்பர். இது வீண் அச்சம் என்று நான் தள்ளிவிடமாட்டேன். ஒரு வெட்டுப்புள்ளியின் அருகே தடுமாறிய பிள்ளைகளின் கண்ணீரை ஆண்டுதோறும் காண்கிறேன். ஆனால் உரோமாபுரியில் இருந்ததும் ஒரேயொரு தங்கப் பதக்கமே. நம் பிள்ளைகளுக்குள்ள இடங்களிலும் அது அருமையானது. அதனை நாடியவர்களே சேர்ந்து பயின்றனர்.

மேலும் கணக்கும் நம் அச்சத்துக்குத் துணை நில்லாது. ஒரு மாவட்டத்தில் பரீட்சைக்குத் தோற்றுபவர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் பக்கத்து வாங்கில் இருப்பவன் ஒருவன். அவனுக்குக் கொப்பியை மறைப்பதால் ஆயிரத்தில் ஒருவனைத் தடுத்தவர்களாகிறோம். அவனோடு சேர்ந்து படிப்பதால் வரும் நன்மையோ நாள்தோறும் கிடைப்பது. தான் அறிந்ததை இன்னொருவனுக்கு விளக்கும் பிள்ளைக்கே அது நன்றாக மனத்திற் பதிகிறது. விளக்க முடியாது திக்கும் இடத்திலேதான் தன் குறை தனக்குத் தெரிகிறது. ஆசிரியராகிய எங்களுக்கு இது அனுபவ உண்மை. ஒரு பாடத்தை நாங்கள் சரிவரக் கற்றுக்கொள்வது அதைக் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே.

மாணவர்களே, தோழனை வெல்ல முயலுங்கள், அது தவறன்று. ஜோன்சன் யாங்குக்கு ஓர் அடியும் விட்டுக்கொடுக்கவில்லை. யாங்கும் கடைசி அடி வரை அவரை உதறிவிடவே முயன்றார். ஆனால் தோழன் மெலிந்து நிற்கையில் வெல்ல விரும்பாதீர்கள். அவன் தன் முழுத் திறமையோடு உங்கள் அருகே ஓடட்டும். அப்போதுதான் உங்கள் முழுத் திறமை எதுவென்று நீங்களும் அறிவீர்கள்.

அந்தத் தாயார் ஞாயிறு தோறும் இப்பகுதியைத் தவறாது வாசிப்பவர் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே அன்று என் வீட்டு விறாந்தையிற் கூற முடியாதுபோன மறுமொழியை இங்கே கூறிவிடுகிறேன். அம்மா, தங்கள் மகனின் பௌதிகக் கொப்பி நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஒழுங்கையின் மறுகோடியிலுள்ள வீட்டுப் பிள்ளை கணிதத்தில் இவனிலும் கெட்டிக்காரன். இன்று மாலை அந்தக் கொப்பியைக் கையிற் கொடுத்து மகனை அங்கே அனுப்பி வையுங்கள். திரும்பி வரும் போது அவன் வெறுங்கையோடு வரமாட்டான்.